திறந்து வைக்கப்படாத உப்புக்கரைசல்

எங்கள் குழந்தைகள் மருத்துவமனையில் வயிற்றுப்போக்குக்கு நான்தான் பொறுப்பு. அவசரப்பட்டு என்னை மருத்துவர் என்று நினைத்துவிட வேண்டாம். செய்திப் பிரிவில் எழுதுகிறவன். குழந்தைக்கு வயிறு கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, இயக்குநரின் உரை, அந்த உரையைப் புகழ்ந்து இன்னொருவர் சொல்லும் நன்றியுரை எல்லாம் என் கைவண்ணம். 'வாந்தி எடுத்தாலும் விட்டுவிடாதீர்கள், சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்' என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது ஒரு மத்தியான வேளையில் மேசை மேல் காலைப் போட்டுக்கொண்டு நான் எழுதியது. நல்ல ஓட்டமுள்ள வாக்கியம் என்று அன்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

இவ்வளவு எழுதியும், ஒரு குழந்தைக்கு ஒரு கரண்டி உப்புக்கரைசலை என் கையால் கொடுத்ததில்லை. என் மகளுக்கு உடம்பு சரியில்லாத நாட்களிலெல்லாம் அலுவலகத்தில் ஏதாவது ஒரு விழா வந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

விழாக்களில் பெரியது வயிற்றுப்போக்கு விழிப்புணர்வு வாரத் தொடக்கம். போன வருடம் அதில் ஒரு அசம்பாவிதம் நடந்துவிட்டது. இயக்குநர் ஒரு குழந்தைக்கு உப்புக்கரைசல் புகட்டும் படம் செய்தித்தாளில் வந்தது. கரைசல் தண்ணீர் நிறம் என்பதால் படத்தில் தெரியவே இல்லை. பெரிய மனிதர் ஒருவர் காலி டம்ளரைக் காட்டிக் குழந்தையை ஏமாற்றுகிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். இயக்குநர் கொதித்துப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"நான் என்ன மந்திரவாதியா? கையில இருக்கறது கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

"அடுத்த வருஷம் ஜாடியில கொஞ்சம் ஆரஞ்சு சோடா ஊத்திடலாம் சார். பளிச்னு தெரியும்."

அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "இந்த ஆஸ்பத்திரிக்கே மூளை நீதான்யா" என்றார். அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை. சோடாவும் குளிர்பானமும் கொடுத்தால் வயிற்றுப்போக்கு அதிகமாகும் என்பது என் துண்டுப்பிரசுரத்தில் 'கூடாதவை' என்ற தலைப்பின் கீழ் முதல் வரி. ஆனால் அது நோயாளிக் குழந்தைகளுக்கு. விழாக் குழந்தைக்குத்தான் ஒரு நோயும் இருக்காதே.

விழாக் குழந்தையைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு உண்டு, அதிலும் நான் இருக்கிறேன். நிஜமாகவே வயிறு கெட்ட குழந்தை மேடைக்கு ஆகாது என்பது குழுவின் நெடுநாள் முடிவு. அது சோர்ந்திருக்கும், சிறப்பு விருந்தினரின் கோட்டு மேல் வாந்தி எடுத்தாலும் எடுக்கும். அதனால் கணக்குப் பிரிவுக்காரரின் பையனைப் பிடித்தோம். கன்னம் இரண்டும் கொழுகொழுவென்று இருக்கும். அந்தக் கன்னத்தை வயிற்றுப்போக்குக்கு விளம்பரமாக நிறுத்துவதில் எங்களில் ஒருவருக்கும் கூச்சம் வரவில்லை.

விழா நாள் காலை நான் கண்ணாடி முன் நின்று உரையைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, வாலு விடியறதுக்குள்ள நாலு தடவ போயிட்டா. தண்ணியாப் போகுது. வாந்தி வேற."

வாலு எங்கள் மகள். மூன்று வயது. அவள் செய்யும் சேட்டைக்கு அந்தப் பெயர்கூடக் கம்மி. அன்று வால் சுருண்டு கட்டிலில் கிடந்தது. நான் உடனே தயாரானேன். அதாவது, பேசத் தயாரானேன்.

"பயப்படாத. இது பெரும்பாலும் தானா சரியாகிற கிருமித் தொற்றுதான். முக்கியம் என்னன்னா, போற தண்ணியையும் உப்பையும் திரும்ப உள்ள அனுப்பணும். வயித்துப்போக்க நிறுத்தற மாத்திரை எதுவும் குடுக்கக் கூடாது. பசிச்சா வழக்கமான சாப்பாட்ட நிறுத்தக் கூடாது."

"சரி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒண்ணு எடுங்க."

வீட்டில் பாக்கெட் இல்லை. துண்டுப்பிரசுரம் இருந்தது, கட்டுக் கட்டாக. அலமாரியின் கால் ஆடாமலிருக்க ஒரு கட்டு முட்டுக் கொடுத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் 'ஒவ்வொரு வீட்டிலும் உப்புக்கரைசல் பாக்கெட் இருக்கட்டும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

"உப்பும் சர்க்கரையும் நாமளே கலந்து குடுக்கலாமா?" என்றாள்.

"அளவு தப்பினா ஆபத்து."

"அளவு என்ன?"

"பிரசுரத்துல போட்டிருந்தோம். அப்புறம் அந்த இடத்துல இயக்குநர் படத்த வைக்கச் சொல்லிட்டாங்க."

அவள் ஒரு பிரசுரத்தை உருவிப் பார்த்தாள். இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் பிரசுரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்து, "கிளம்புங்க" என்றாள்.

தெருமுனை மருந்துக்கடையில் கேட்டோம். "ஒண்ணுகூட இல்ல சார். முந்தாநாள் உங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாங்க. எங்கயோ பெருசா பரவிடுச்சாமே?" என்றார் கடைக்காரர். எங்கேயும் பரவவில்லை. மேடையில் பாக்கெட்டுகளால் ஒரு கோபுரம் கட்டுவது வழக்கம். போன வருடத்துக் கோபுரம் இயக்குநரின் தோள் வரை வந்தது. இந்த வருடம் தலைக்கு மேல் வர வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. கடைக்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

மருத்துவமனையில் வயிற்றுப்போக்குப் பிரிவின் கதவு சாத்தியிருந்தது. கதவில் ஒரு அறிவிப்பு. 'வயிற்றுப்போக்கு விழிப்புணர்வு விழாவை முன்னிட்டு வயிற்றுப்போக்குப் பிரிவு இன்று இயங்காது. பொதுமக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி.' முதல் நாள் சாயங்காலம் அதை எழுதியபோது ஒரு எழுத்துப்பிழையும் இருக்கக் கூடாது என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை இல்லைதான்.

மனைவி அதை முழுக்கப் படித்தாள். "யாருங்க இத எழுதினது?" என்றாள். எனக்குத் திடீரென்று செருப்பின் வார் கழன்றுவிட்டதால் குனிந்துகொண்டேன்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் மட்டும் இருந்தார். "டாக்டருங்க எல்லாரையும் கைதட்ட ஹாலுக்குக் கூப்ட்டுட்டாங்க சார். பாக்கெட்டெல்லாமும் அங்கதான். வயித்துப்போக்குன்னா நீங்க விழாவுக்கே போயிடுங்க" என்றார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சீக்கிரம் போங்க" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

ஹாலுக்கு வந்தோம். மேடை ஜோராக இருந்தது. நடுவில் கோபுரம், அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன், பக்கத்து மேசையில் ஆரஞ்சு நிறத்தில் மினுமினுக்கும் கண்ணாடி ஜாடி, வெல்வெட் துணி மேல் ஒரு வெள்ளிக் கரண்டி. பின்னால் 'கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்' என்று சுவரை மறைக்கும் பேனர். குழாய் எதுவும் இல்லை. 'பயனாளிகள்' என்று அட்டை மாட்டிய வரிசையில் வயிறு கெட்ட குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியும் போய் அந்த வரிசையில் உட்கார்ந்தாள்.

நான் இயக்குநரிடம் ஓடினேன். "சார், என் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. கோபுரத்துலேர்ந்து ஒரு பாக்கெட் மட்டும்..."

"எந்த வரிசைலேர்ந்து எடுப்ப? கீழ எடுத்தா சரியும், மேல எடுத்தா கூர் போயிடும்." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "உன் குழந்த என் குழந்த மாதிரிப்பா. ஆனா திறந்து வைக்காத பொருள எடுத்து உபயோகிச்சா, அப்புறம் விருந்தினர் எதைத் திறந்து வைப்பாரு? கொஞ்ச நேரம் பொறுத்துக்க. தாமதம் கூடாதுங்கறதப் பத்தி நான் வேகமாப் பேசி முடிச்சிடறேன்."

எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது என்னவோ, ஆமாம், கூர் போய்விடுமே என்பதுதான். நான் வரைந்த கோபுரமல்லவா.

விருந்தினர் வரத் தாமதம். அவர் வந்ததும் இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "தாமதம்தான் நம் எதிரி. வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது கிருமி அல்ல, வறட்சி. வறட்சிக்கு மருந்து இந்த எளிய பாக்கெட். இது ஏழை வீட்டுக்கும் எட்டும், பணக்கார வீட்டுக்கும் எட்டும்" என்று சொல்லி, யாருக்கும் எட்டாத உயரத்தில் இருந்த கோபுரத்தைக் காட்டினார். வெள்ளைக் கோட்டு வரிசை கைதட்டியது. விருந்தினர் சுருக்கமாகப் பேசினார். போன வாரம் ஒரு பாலத்தையும் நேற்று ஒரு கூட்டுறவு வங்கியையும் திறந்து வைத்ததாகவும், எதைத் திறந்தாலும் மக்கள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி ஒன்றுதான் என்றும் சொன்னார். பயனாளிகள் வரிசையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. அதற்கும் கைதட்டிவிட்டார்கள்.

அடுத்து என் முறை. நோயின் அடையாளங்களை நான் படிக்க வேண்டும், படித்து முடித்ததும் ரிப்பன் வெட்டு, பிறகு முதல் கரண்டி. எனக்குக் குரல் நன்றாக இருக்கும். மைக்கில் இன்னும் நன்றாக இருக்கும்.

"அன்புள்ள தாய்மார்களே. குழந்தையின் உடலில் நீர் வற்றுகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? உதடும் நாக்கும் காய்ந்துபோகும்."

மனைவி வாலுவின் உதட்டில் விரல் வைத்துப் பார்ப்பது மேடையிலிருந்து தெரிந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்கள் உள்வாங்கியிருக்கும்."

அவள் குழந்தையின் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். திருப்பிய விதத்தில் எனக்கும் தெரிந்தது. காலையில் கண்ணாடி முன் நின்றபோது அந்த முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

"சிறுநீர் போவது குறையும். குழந்தை அழும், ஆனால் கண்ணீர் வராது."

அந்த நேரம் பார்த்து வாலு அழுதாள். சத்தம் வந்தது. கன்னம் காய்ந்தே இருந்தது. அடுத்த வரி என் கண் முன்னால் இருந்தது. 'துறுதுறுவென்று இருக்கும் குழந்தை துவண்டு கிடக்கும்.' அந்தத் 'துறுதுறு', 'துவண்டு' சேர்க்கைக்காக நான் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் படிக்காமல் வாலுவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நிறுத்தாதய்யா. கைதட்டு வாங்கற இடம்" என்று பின்னாலிருந்து இயக்குநர் கிசுகிசுத்தார்.

சொன்னால் வெட்கம். நான் அந்த வரியைப் படித்தேன். முழுசாகப் படித்தேன். கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் என் மனைவி குழந்தையோடு மேடை ஏறிவிட்டாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக ஜாடியிடம் போய், வெள்ளிக் கரண்டியை எடுத்து, அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரை மொண்டாள். கரண்டி வாலுவின் வாயருகே போனது.

எனக்கு முன்னால் மைக் இருந்ததை நான் மறந்துபோனேன்.

"குடுக்காத. அது சோடா."

ஹாலின் நான்கு மூலை ஒலிபெருக்கிகளிலும் அது தெளிவாகக் கேட்டது. அவ்வளவு ஓட்டமுள்ள வாக்கியத்தை நான் அதற்கு முன் எழுதியதில்லை. விருந்தினர் மெதுவாகத் திரும்பினார்.

"எது சோடா?"

"ஜாடியில இருக்கறதுங்க."

"யாரு ஊத்தினது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"படத்துல தெரியறதுக்குங்க."

விருந்தினர் யோசித்தார். "அப்ப நான் இங்க வந்தது சோடாவத் திறந்து வைக்கவா?" என்று இயக்குநரைக் கேட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். அவருடைய பதில்களையெல்லாம் எழுதித் தருகிறவன் நான். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

கோபுரத்தின் அடி வரிசையிலிருந்து ஒரு பாக்கெட்டை உருவினேன். கோபுரம் ஒரு கணம் யோசித்துவிட்டு மொத்தமாகச் சரிந்தது, ரிப்பனோடு. தாம்பாளத்தில் இருந்த ரிப்பன் கத்தரியை எடுத்துப் பாக்கெட்டை வெட்டப் போனேன்.

"ரிப்பன் இன்னும் வெட்டலையே" என்றார் இயக்குநர், அழுகிற குரலில்.

"கையக் கழுவினீங்களா?" என்றாள் மனைவி.

பேனருக்குக் கீழே நின்றுகொண்டு நான் முழித்தேன். அப்போது கைதட்டும் வரிசையிலிருந்து ஒரு இளம் டாக்டரம்மா எழுந்து மேடைக்கு ஓடி வந்தார். கோட்டுப் பையிலிருந்து சோப்பு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். விருந்தினருக்கு வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றைத் திறந்து மேடை ஓரமாக ஊற்ற, நான் கை கழுவினேன். சீல் உடைக்காத இன்னொரு பாட்டிலை விருந்தினரே எடுத்து நீட்டினார். ஒரு லிட்டர் பாட்டில். பாக்கெட்டின் பின்பக்கம் 'ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுவதையும் கரைக்கவும்' என்று போட்டிருந்தது. என் பிரசுரத்திலும் நான் எழுதிய அதே வாசகம்தான். எழுதியதை முதல் தடவையாகப் படித்தேன்.

டாக்டரம்மா வாலுவின் வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். மடிப்பு கொஞ்சம் நின்றுதான் மறைந்தது.

"மலத்துல ரத்தம் இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"நல்லா வறண்டிருக்கா. ஆனா குடிக்கிறா பாருங்க, ஆசையாக் குடிக்கிறா. குடிக்க முடியாமப் போனாலோ கண்ணத் தொறக்காமக் கெடந்தாலோதான் ஊசில ஏத்தணும். வார்டுல வச்சுப் பாத்துக்கலாம், இப்ப குடுத்துக்கிட்டே இருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பவே எழுந்து வரணும்னு இருந்தது சார். சீட்ட விட்டு எழுந்தா மெமோன்னு சுற்றறிக்கை வந்திருந்தது" என்றார். அந்தச் சுற்றறிக்கையை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நல்ல பெண்.

மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்தாள். நான் பாட்டிலைப் பிடித்தேன், அவள் கரண்டியால் கொடுத்தாள். மூன்றாவது கரண்டியில் வாலு வாந்தி எடுத்தாள். அது குறி தவறாமல் இயக்குநரின் காலணி மேல் விழுந்தது.

"பாத்தியா, ஒத்துக்கல. நிறுத்து" என்றார் அவர்.

மனைவி பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து, இயக்குநரின் படத்துக்குக் கீழே விரலை வைத்துப் படித்தாள். "வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடியும் இன்னும் மெதுவாகக் கொடுங்கள். விட்டுவிடாதீர்கள்." என்னிடம் திரும்பினாள். "இது நெசமா, இல்ல சும்மா எழுதினதா?"

"நெசந்தான்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. பத்து நிமிடம் பொறுத்தோம். மறுபடியும் கொடுத்தாள். உள்ளே தங்கியது.

நிமிர்ந்தபோது பயனாளிகள் வரிசை காலியாக இருந்தது. அம்மாக்கள் எல்லோரும் மேடையில் சிதறிக் கிடந்த பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பிரிவுக்காரரின் பையன் யாரும் கவனிக்காத நேரத்தில் ஜாடியை வாயில் சாய்த்து சோடாவைக் காலி செய்திருந்தான். வெள்ளைக் கோட்டுகள் எழுந்து போய்ப் பிரிவின் கதவைத் திறந்தார்கள். விருந்தினர் கிளம்பும்போது, திறந்து வைத்ததாகக் கணக்கில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். போட்டுக்கொள்ளச் சொன்னோம்.

மத்தியானம் வார்டில் வாலு என் மடியில் படுத்திருந்தாள். கரண்டி இப்போது என் கையில். தூங்க விடாமல், கெஞ்சி, கதை சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததில் என் முதுகு விட்டுப்போயிருந்தது. 'சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக' என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. செய்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரிகிறது.

இயக்குநர் வந்தார். வேறு காலணி போட்டிருந்தார். குழந்தையை எட்டிப் பார்த்து, "தேவலையா?" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உன் மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கு. மேடையில ஒழுங்கீனம், கோபுரத்துக்குச் சேதம், உப்புக்கரைசலத் திறப்பு விழாவுக்கு முன்னாலயே குழந்தைக்குக் குடுத்தது. விளக்கம் கேட்டு ஒரு மெமோ அனுப்பணும்."

"சரிங்க சார்."

"அத யாரு எழுதறது? உன்ன விட்டா இங்க யாருக்கு நடை வரும்? நீயே எழுதிடு. கொஞ்சம் காரமா இருக்கட்டும்."

சோடாவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதை மெமோவில் சேர்க்க வேண்டியது நான்தான் போலிருக்கிறது. உரையின் பின்பக்கத்தைத் திருப்பி, குழந்தையின் பக்கத்தில் மடியிலேயே வைத்து எழுத ஆரம்பித்தேன். 'தங்களின் பொறுப்பற்ற செயல்' என்று தொடங்கினேன். எழுத எழுத வேகம் பிடித்தது. என்னைத் திட்ட இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இயக்குநர் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, "பிரமாதம்" என்றார்.

அப்போதுதான் என் மடி வெதுவெதுப்பானது. முதலில் தொடையில், பிறகு சட்டையில், பிறகு மெமோவில். 'பொறுப்பற்ற' என்ற சொல் மட்டும் கரைந்து நீலமாக ஓடியது. மை பேனாவில் எழுதியது தப்பு. வாலு ஒரு கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, "அப்பா, ஈரம்" என்று என்னைக் குற்றம் சொன்னாள்.

"ஐயையோ, எழுந்திரு எழுந்திரு, காகிதம் போச்சு" என்று இயக்குநர் பின்வாங்கினார்.

நான் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து வராதது வந்திருக்கிறது. நனைந்த சட்டையோடு குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மனைவி ஓடி வந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அன்று எங்கள் குடும்பத்தில் முதலில் கண்ணீர் வந்தது அவளுக்குத்தான்.

"நீர் பிரியறது நல்ல அடையாளம்" என்றேன் நான். "எட்டாவது வரியில எழுதியிருக்கேன்."

"தெரியும்" என்றாள் அவள், கரண்டியை மறுபடியும் என் கையில் வைத்து. "பேசாம அடுத்ததக் குடுங்க."